தெருமுனைக்கு அப்பால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். மகளுக்கு எட்டு வயது. நானும் கணவரும் அந்த வயதில் விடுமுறை என்றால் நாள் முழுக்க வெளியிலேயே கிடந்தவர்கள். இருட்டினால்தான் வீடு. இன்று மகளைத் தெருமுனை வரை தனியாக அனுப்பவே எனக்குப் பயமாக இருக்கிறது. "காலம் கெட்டுக் கிடக்கிறது" என்கிறார் கணவர். அவளோ வீட்டுக்குள் திரையே கதியென்று இருக்கிறாள். எங்களுக்குக் கிடைத்த சுதந்திரத்தை அவளுக்கும் கொடுக்க முடியுமா? முடியும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கொடுக்க முடியும். ஆனால் உங்களுக்கு அமைந்ததுபோல அது தானாக அமையாது. அன்று பெற்றோர் கூடவே வரவில்லை என்றாலும் தெரு உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். கூட்டத்தில் எப்போதும் பெரிய பிள்ளைகள் இருந்தார்கள். வண்டிகள் குறைவு. இவற்றில் எது உங்கள் தெருவில் இன்னும் மிச்சமிருக்கிறது என்று முதலில் பாருங்கள். இல்லாததை ஈடுகட்டுவதுதான் உங்கள் வேலை.

காலத்தைப் பற்றிக் கணவர் சொல்வது பாதி சரி. இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் (Mayer Hillman) என்ற ஆய்வாளரின் குழுவினர் செய்த ஆய்வின்படி, 1971-ல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-ல் 9 சதவீதம். பெற்றோர் சொன்ன காரணங்களில் முதன்மையானது போக்குவரத்து. அதே காலத்தில் சாலை விபத்தில் இறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. சாலை பாதுகாப்பானதால் அல்ல, பிள்ளைகளைச் சாலையிலிருந்தே எடுத்துவிட்டதால்தான் என்று அந்த ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அந்த வாதம் எனக்குச் சரியென்றே படுகிறது. ஆகவே உங்கள் பயத்தையும் முதலில் வண்டியின் பக்கம் திருப்புங்கள், அடுத்தது தண்ணீர். முகம் தெரியாத ஆள் அதற்குப் பிறகுதான்.

தொடங்கும் விதம் இது. ஒரே ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள், தோழி வீடு வரை என்று வைத்துக்கொள்வோம். அவள் முன்னால் நடக்கட்டும், நீங்கள் நாலடி பின்னால். பார்ப்பதை அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டும்: "திருப்பம் வருது, நிக்கிறேன், வண்டி இல்லை, போறேன்." நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவள் பின்னாளில் தனியாகப் போகப்போகிற அதே நேரத்தில் மூன்று நான்கு நாள் இப்படிப் போய் வாருங்கள். காலையில் வெறிச்சோடும் தெரு மாலையில் வேறு தெரு. பிறகு நீங்கள் மறுமுனையில் போய் நில்லுங்கள், அவள் தனியாக வரட்டும். அதன் பிறகு ஒரு சிறு வேலையோடு அனுப்புங்கள். வேலை இருந்தால் நடையில் உறுதி இருக்கும். வேலையே இல்லாமல் சுற்றிவருவது கடைசிப் படி. பலர் நேராக அதில் தொடங்குகிறார்கள். குழந்தை பாதி வழியில் மிரண்டு திரும்பியதும் "இவளுக்கு வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

சாலையைக் கடப்பதில் ஒன்றை மனதில் வையுங்கள். வருகிற வண்டியின் வேகத்தைக் கணிக்கும் திறன் எட்டு வயதில் முழுதாக வந்திருக்காது. "பார்த்துக் கடந்து போ" என்றால் அவள் பார்ப்பாள், தப்பாகக் கணிப்பாள். அதனால் கணிக்கவே வேண்டாத விதியைக் கொடுங்கள்: இரண்டு பக்கமும் நெடுந்தூரம் தெரிகிற இடத்தில் மட்டும் கடக்க வேண்டும், ஓடிவரும் வண்டி ஒன்றுகூடக் கண்ணில் படாதபோதுதான் கால் வைக்க வேண்டும். நிறுத்தி வைத்த வண்டிகளுக்கு நடுவிலிருந்து ஒருபோதும் இறங்கக் கூடாது. ஒரு வண்டி கடந்ததும் உடனே ஓடக் கூடாது, அதன் மறைவில் இன்னொன்று வரும். பந்து சாலைக்குப் போனால் போனதுதான். இவை பழகும்வரை, பெரிய சாலைக்கு இந்தப் பக்கத்திலேயே அவளுடைய எல்லை முடியட்டும்.

எல்லையைத் தூரத்தால் சொல்லாதீர்கள். "ரொம்ப தூரம் போகாதே" என்பது குழந்தைக்கு ஒரு பொருளும் தராது. தொட்டுக் காட்டக்கூடிய சுவர், மரம், பாலம், வளைவு என்று சொல்லுங்கள். நேரத்துக்கும் அதுவே. விளையாட்டில் ஒரு மணி நேரம் பத்து நிமிடமாகத் தெரியும். கையில் மணி அடிக்கும் கடிகாரம் கட்டிவிட்டு, அடித்ததும் வந்து முகம் காட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள். கைபேசியில் நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவள் வெளியே போனதாக ஆகாது. சின்னச் சிக்கல் வந்தாலும் யோசிக்காமல் உங்களைத்தான் கூப்பிடுவாள்.

தண்ணீரில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. பெரியவர் இல்லாமல் குளம், கிணறு, கல்குவாரிப் பள்ளம் எதிலும் இறங்கக் கூடாது, நீச்சல் தெரிந்தாலும்தான். குவாரியின் ஓரம் செங்குத்தாக இருக்கும். இறங்கியவருக்கு ஏறப் பிடி கிடைக்காது. மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதுமில்லை, கையை ஆட்டுவதுமில்லை. மூச்சுக்குத் தவிக்கும்போது குரல் எழும்பாது. காப்பாற்றக் குதிக்கும் பிள்ளையும் சேர்ந்து மூழ்குவதும் நடக்கிறது. தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கொம்போ கயிறோ நீட்டுவது, மூடியிட்ட காலி கேனை எறிவது, பெரியவரைக் கூப்பிட ஓடுவது ஆகிய மூன்றையும் விளையாட்டாகச் செய்து பழக்குங்கள். உங்கள் எல்லைக்குள் இருக்கும் கிணறுகளுக்கு மூடியோ சுற்றுச்சுவரோ இருக்கிறதா என்று நீங்களே நடந்து பாருங்கள்.

"தெரியாதவர்களிடம் பேசாதே" என்ற விதியைக் கைவிடுங்கள். வழி தவறினால் அவள் தெரியாதவரிடம்தானே கேட்க வேண்டும்? மேலும், பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர்களில் பெரும்பாலோர் அவர்களுக்குத் தெரிந்தவர்கள். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லுங்கள்: "யார் கூப்பிட்டாலும், மாமாவே ஆனாலும், என்னிடம் சொல்லாமல் அவரோடு போகக் கூடாது, அம்மாவிடம் சொல்லாதே என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் அதை உடனே என்னிடம் சொல்ல வேண்டும்." இவ்வளவுதான். பாதையில் மூன்று வீட்டுக் கதவுகளை நீங்களே அவளோடு போய்த் தட்டி, "இவள் இனி இந்தப் பக்கம் தனியாக வருவாள்" என்று சொல்லிவையுங்கள். நான் மேலே சொன்ன அந்தப் பழைய கண்களைத் திரும்பப் பெற இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

முடிந்தால் மூன்று பேராக அனுப்புங்கள். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்கலாம், ஒருவர் ஓடி வரலாம். கூட்டம் பெருத்தால் சவால் விடுவதும் பெருகும். மரம் ஏறுவதைத் தடுக்க வேண்டாம், ஆனால் தூக்கி ஏற்றிவிடாதீர்கள். தன் பலத்தில் ஏறிய உயரத்திலிருந்துதான் தன் பலத்தில் இறங்க முடியும். பட்டை உரிந்த கிளையில் ஏறக் கூடாது. கால் எப்போதும் கிளை தொடங்கும் இடத்தில், நடுமரத்தை ஒட்டி இருக்கட்டும். சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். வார் கிளையில் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். கீழே நின்று "ஜாக்கிரதை!" என்று கத்தினால் அவள் மரத்தை விட்டுவிட்டு உங்களைப் பார்ப்பாள். "அடுத்த காலை எங்கே வைக்கப்போறே?" என்று கேளுங்கள்.

முதல் வாரம் அரை மணியில் திரும்பி வந்து "ஒண்ணுமே இல்லை, போரடிக்குது" என்பாள். அவளுக்காக எதையும் ஏற்பாடு செய்யாதீர்கள். தாமதமாக வந்து உண்மையைச் சொன்னால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை தாமதமும் இருக்கும், பொய்யும் இருக்கும். மறைந்து பின்தொடராதீர்கள், ஒருநாள் கண்டுபிடித்துவிடுவாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1970-களில் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் பிள்ளைகள் தனியாக எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று வரைபடம் போட்டபோது, ஆண் பிள்ளைகளின் எல்லை பெண் பிள்ளைகளுடையதைவிடப் பெரிதாக இருந்தது. எட்டு வயதில் கொடுத்ததைப் பன்னிரண்டில் பிடுங்கிக்கொள்ளும் வீடுகள் இன்றும் ஏராளம். அதை இப்போதே கணவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லையை எப்போது நீட்டுவது என்பதை அவளே ஆரம்பிக்கட்டும். "அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போகலாமா?" என்று ஒருநாள் கேட்பாள். உடனே ஆம், இல்லை எதுவும் சொல்லாதீர்கள். "என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டு" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் நாலடி பின்னால் நடங்கள்.