மாமனாருக்குச் சாப்பாடு, பிள்ளைகளுக்கு ஆட்டம்: எந்தக் கப்பலில் ஏறுவது?

கேள்வி: சென்ற மாதம் மாமனாருக்கு எழுபது வயதுக்கான பீமரத சாந்தி முடிந்தது. அவரையும் மாமியாரையும் கப்பல் பயணம் அழைத்துப் போகவேண்டும் என்று என் கணவருக்கு நெடுநாள் ஆசை. நாங்கள் இருவர், 13 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள், பெரியவர்கள் இருவர், ஆக ஆறு பேர். சென்னையிலிருந்து கார்டீலியா, சிங்கப்பூரிலிருந்து ஜெண்டிங் ட்ரீம், அங்கிருந்தே ராயல் கரீபியன் என மூன்றைச் சொல்கிறார்கள். டிராவல் ஏஜென்ட்டோ, "எல்லாம் ஒன்றுதான், விலை குறைந்ததை எடுங்கள்" என்கிறார். மாமனார் சுத்த சைவம், வெங்காயம் பூண்டும் சேர்ப்பதில்லை. மாமியாருக்கு முழங்கால் வலி. இரண்டு பேருக்கும் இரைச்சல் ஆகாது. கொடுக்கிற காசுக்கு எது தகும்? உபசரிப்பு எதில் நன்றாக இருக்கும்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: எல்லாம் ஒன்றில்லை சகோதரி. ஒவ்வொரு கப்பலும் ஒரு வகைப் பயணியை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. அந்த வகையில் நம் குடும்பம் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலைக்கு வரவேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, பெரியவர்களின் சாப்பாட்டையும் முழங்காலையும் மறக்காமல் எழுதியிருப்பதுதான். முடிவு அங்கேதான் இருக்கிறது.

முதலில் கார்டீலியா. அந்தக் கம்பெனியின் 'எம்ப்ரஸ்' கப்பல் 1990இல் ராயல் கரீபியன் கப்பலாகத்தான் ஓடத் தொடங்கியது. மயாமியிலிருந்து மூன்று, நான்கு இரவுப் பயணம் போவதற்கென்று உருவானதால் அறைகள் சிறியவை, பால்கனி உள்ள அறைகள் வெகு குறைவு. கப்பலின் அளவு சுமார் 48,000 கிராஸ் டன் (இது எடை அல்ல, உள்ளே இருக்கும் இடத்தின் கணக்கு). சிங்கப்பூர்க் கப்பல்கள் இதைப்போல மூன்று மடங்குக்கு மேல். கடல் கொஞ்சம் புரண்டாலும் சிறிய கப்பலில் ஆட்டம் தெரியும். இதன் பலம் நம் சாப்பாடு, நம் பேச்சு, விமான டிக்கெட் வேண்டாம் என்ற நிம்மதி. சைவமும், வெங்காயம் பூண்டு சேராத ஜைன உணவும் இங்கே கேட்டு வாங்கும் விஷயமே அல்ல. 2023இல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்குப் போகும் பயணத்தையும் தொடங்கினார்கள். காங்கேசன்துறையில் இறங்கி யாழ்ப்பாணம் பார்ப்பது வேறு எந்தக் கப்பலிலும் எளிதில் கிடைக்காத வாய்ப்பு.

ஆனால் அந்தக் கப்பல் பெரும்பாலும் அரபிக் கடலில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் சமயத்தில்தான் நம் பக்கம் வரும். அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடுகிறது. அதோடு, எங்கும் நிற்காமல் கடலுக்குள் போய்த் திரும்பும் இரண்டு இரவுப் பயணத்தில் நண்பர் கூட்டமும் ஆபீஸ் கூட்டமும்தான் அதிகம். நள்ளிரவு தாண்டியும் பாட்டுச் சத்தம் ஓயாது. இது கார்டீலியாவின் குறை மட்டும் இல்லை, உலகம் முழுக்கக் குறுகிய பயணங்களின் சுபாவமே இதுதான். எந்தக் கம்பெனி என்றாலும் வார இறுதி இரண்டு இரவைத் தவிர்த்துவிட்டு, ஞாயிறோ திங்களோ கிளம்பும் மூன்று, நான்கு இரவுப் பயணமாக எடுங்கள். கூட்டத்தின் குணமே மாறிவிடும். பெரியவர்களும் குடும்பங்களும் அதில்தான் வருகிறார்கள்.

அடுத்து விலை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம் இது. விளம்பரத்தில் வரும் கட்டணம் கல்யாண மண்டப வாடகை மாதிரி. கரண்ட், பாத்திரம், துப்புரவு எல்லாம் அப்புறம்தான் பில்லில் ஏறும். கப்பலில் அந்த 'அப்புறம்' என்பது துறைமுக வரி, பணியாளர் டிப்ஸ், வைஃபை, குளிர்பானம், கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் பேக்கேஜ். டிப்ஸ் என்றால் இஷ்டப்பட்டால் கொடுப்பது என்று நாம் நினைக்கிறோம். கப்பலில் அது ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாக ஏறிவிடும், குழந்தைகளுக்கும் சேர்த்து. ராயல் கரீபியனில் சாதாரண அறைக்கு ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 18 டாலர். ஆறு பேர், நான்கு இரவு என்றால் 432 டாலர், நம் பணத்தில் 35,000 ரூபாய்க்கு மேல். மதுவோ கோலாவோ வாங்கினால் அந்தந்த பில்லிலும் 18 சதவீதம் சேவைக் கட்டணம் சேரும். ஜெண்டிங்கிலும் டிப்ஸ் உண்டு. ஆகவே ஏஜென்ட்டிடம் "டிக்கெட் எவ்வளவு" என்று கேட்காதீர்கள். "வரி, டிப்ஸ், ஜிஎஸ்டி, டிசிஎஸ் (வெளிநாட்டுப் பயணத்துக்கு ஏஜென்ட் முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) எல்லாம் சேர்த்து ஆறு பேருக்குக் கையிலிருந்து போவது எவ்வளவு" என்று எழுத்தில் கேளுங்கள். மூன்று கப்பலுக்கும் அப்படி வாங்கி, இரவுக் கணக்கால் வகுத்துப் பாருங்கள். குறைந்த விலை என்று சொன்னது பல நேரம் இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.

ஓர் அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகத் தங்குபவருக்குக் கட்டணம் குறைவு. அதனால் நீங்கள் நான்கு பேரும் ஓர் அறை, பெரியவர்கள் ஓர் அறை என்று எடுங்கள். உங்களுக்கு ஜன்னல் இல்லாத உள்ளறை போதும், தூங்க மட்டும்தானே போகப் போகிறீர்கள். மிச்சமாகும் பணத்தில் பெரியவர்களுக்குப் பால்கனி அறை போடுங்கள். இரைச்சல் ஆகாதவர்களுக்கு ஒரு நாற்காலி, கடல் காற்று, கதவைச் சாத்தினால் அமைதி. இதைவிடப் பயனுள்ள செலவு கப்பலில் வேறு இல்லை. அறை எண்ணைக் கப்பலின் வரைபடத்தில் சரிபார்த்து, லிஃப்ட்டுக்கு அருகில், கப்பலின் நடுப்பகுதியில், மேலும் கீழும் அறைகளே உள்ள தளமாக வாங்குங்கள். மேலே நீச்சல்குளத் தளமோ கீழே அரங்கமோ இருந்தால் விடியும்வரை நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும்.

உபசரிப்பு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா, நம் நாடு என்று மூன்று கப்பலிலும் பணியாளர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களிலிருந்துதான் வருகிறார்கள். சிரித்த முகத்துக்கு எங்கும் குறைவில்லை. எத்தனை பயணிக்கு ஒரு பணியாள் என்பதில்தான் வித்தியாசம். ஜெண்டிங் ட்ரீம் 2016இல் ஜெர்மனியில் கட்டப்பட்டு வந்தபோது சுமார் 3,350 பயணிகளுக்கு 2,000 பணியாளர்கள் என்பது கணக்கு. ராயல் கரீபியன் சிங்கப்பூருக்கு அனுப்பிவந்த குவாண்டம் வகைக் கப்பல்களில் அறைக்கு இருவர் என்று வைத்தாலே 4,000 பேருக்கு மேல், பணியாளர்கள் சுமார் 1,500. அதற்காக ராயல் கரீபியன் மோசம் என்று சொல்ல வரவில்லை. அங்கே எல்லாம் ஒழுங்குமுறையில் ஓடுகிறது. எந்த நேரம், எந்த மேசை, எந்த ஷோ என்று செயலியில் முன்பதிவு செய்தவருக்கு எல்லாம் கச்சிதமாக நடக்கும். போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பவருக்கு வரிசைதான்.

பிள்ளைகள் பக்கம் நின்று பார்த்தால் ராயல் கரீபியனுக்கே என் ஓட்டு. குவாண்டம் வகைக் கப்பல் என்றால் உள்ளேயே மோதல் கார், ஸ்கேட்டிங், அலைச்சறுக்குப் பயிற்சி, கடல்மட்டத்திலிருந்து 300 அடிக்கு மேல் தூக்கிக் காட்டும் கண்ணாடிக் கூண்டு எல்லாம் இருக்கின்றன. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரம்கூட மறந்துபோகும். பெரியவர்களுக்கு 16 வயதுக்குக் கீழே யாரையும் அனுமதிக்காத சோலேரியம் என்ற கூடம் உண்டு. குளிர்ச்சியாக, சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். குறை சாப்பாட்டில். சைவம் கிடைக்கும், இந்தியச் சாப்பாடும் கிடைக்கும். ஆனால் வெங்காயம் பூண்டு இல்லாமல் வேண்டும் என்றால் பதிவு செய்யும்போதே எழுதி, முதல் நாள் இரவே உணவகத் தலைமைப் பரிசாரகரைப் பார்த்து நேரில் சொல்லிவைக்க வேண்டும். அப்படிச் சொன்னால் மறுநாளிலிருந்து மேசைக்குப் பருப்பும் காயும் ரொட்டியும் தனியாக வரும். சொல்லாவிட்டால் பெரியவர் பழமும் தயிரும் சாப்பிட்டு எழுந்துவிடுவார், வீட்டில் யாரிடமும் சொல்லவும் மாட்டார்.

ஜெண்டிங் ட்ரீமில் அந்தக் கவலை குறைவு. 2022இல் சிங்கப்பூரிலிருந்து மறுபடி ஓடத் தொடங்கியதிலிருந்தே சைவத்துக்கும் ஜைன உணவுக்கும் தனி ஏற்பாட்டை விளம்பரப்படுத்தித்தான் நம்மவர்களை அழைக்கிறார்கள். கப்பலில் இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும், பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை. நீர்ச்சறுக்கு, கயிற்றுப் பாலம், பந்துருட்டு (பௌலிங்) என்று பிள்ளைகளுக்கும் இருக்கிறது, ராயல் கரீபியன் அளவுக்கு இல்லை. கேசினோவும் கரோக்கேயும் உண்டு. அந்தத் தளத்தை விட்டு விலகி அறை எடுத்தால் தொந்தரவு இராது.

விழா மாமனாருக்கு என்பதால் நான் ஜெண்டிங் ட்ரீமைத்தான் சொல்வேன். மூன்று வேளையும் அவர் நிறைவாகச் சாப்பிட்டால்தான் உங்கள் கணவரின் ஆசை நிறைவேறும். பிள்ளைகளுக்காக மட்டும் என்றால் பதிலை மாற்றியிருப்பேன். டிஸ்னி அட்வென்ச்சர் பற்றி யாராவது சொன்னால், அது சிங்கப்பூரில் கிளம்பி எந்த ஊரிலும் நிற்காமல் திரும்பும் கப்பல் என்பதை நினைவில் வையுங்கள். எட்டு வயதுக்கு அது சொர்க்கம், எழுபது வயதுக்கு இல்லை.

சிங்கப்பூரில் ஏறும் எந்தக் கப்பல் என்றாலும் மலேசியாவின் பினாங்கில் நிற்கும் பயணமாகப் பாருங்கள். முழங்கால் வலிக்காகவே இதைச் சொல்கிறேன். தாய்லாந்தின் புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் கடலில் நங்கூரம் போட்டு, சிறு படகில் மாற்றித்தான் கரை சேர்க்கும். ஆடுகிற படகில் கால் வைத்து ஏறி இறங்குவது மாமியாருக்குச் சிரமம். மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கினால் கோலாலம்பூர் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் உட்காரவேண்டும். பினாங்கில் சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுன் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. கப்பலிலிருந்து நேராக நடைமேடை. பத்து நிமிட நடையில் குயின் தெரு மகா மாரியம்மன் கோயில், 1833இல் எழுந்தது. சுற்றிலும் லிட்டில் இந்தியா, வாழை இலைச் சாப்பாடு, பூக்கடை. பேக்கேஜ் வாங்கவே வேண்டாம், நடக்க முடியாவிட்டால் டிரைஷா என்னும் சைக்கிள் ரிக்‌ஷாவில் போய் வரலாம். இன்னொன்று, மலாக்கா நீரிணைக்கு சுமத்திரா அணைபோல நிற்பதால் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். முதல்முறை கப்பல் ஏறுபவர்களுக்கு அது நல்லது.

தேதிக்கு வருவோம். ஏப்ரல் கடைசி முதல் மே மூன்றாம் வாரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளுக்கு விடுமுறை, சிங்கப்பூரில் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும். மே கடைசியில் அங்கே விடுமுறை தொடங்கிவிட்டால் விலையும் ஏறும், கப்பலும் நிரம்பி வழியும். திருச்சியிலிருந்தே சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால் சென்னை வரை போகும் அலைச்சல் இல்லை. ஆனால் கப்பல் கிளம்பும் நாளன்று காலையில் போய் இறங்காதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, பணமும் திரும்பாது. முதல் நாளே போய்த் தங்குங்கள்.

கப்பல் மலேசியா போய்த் திரும்பும்போது சிங்கப்பூருக்குள் நீங்கள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். அதனால் விசா பலமுறை நுழையக்கூடியதா என்று ஆறு பேருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். பெரியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் எடுங்கள், கப்பல் டாக்டரின் பில் டாலரில் வரும். ஏறியவுடன் எல்லார் போனையும் ஏர்ப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். கரை மறைந்ததும் போன் தானாகக் கப்பலின் சேட்டிலைட் இணைப்பைப் பிடித்துக்கொண்டால் ரோமிங் பில் ஆயிரக்கணக்கில் வரும். மாமனாரின் சாப்பாட்டுக் குறிப்பை ஏஜென்ட் வாயால் சொன்னால் நம்பாதீர்கள். முன்பதிவு உறுதிச்சீட்டில் அது அச்சாகி வந்த பிறகு மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.