புதுச்சேரிக் கொசுவை ஊருக்குள் விடலாமா?

"பாக்டீரியா ஏற்றிய கொசுவை விட்டால் டெங்கு குறையுமாமே, புதுச்சேரி ஆய்வகத்தில்கூட உருவாக்கிவிட்டார்களாமே, நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இதுவரை சிக்குன்குனியா வந்ததில்லை என்று நினைக்கிறேன். வந்திருந்தால் எப்போது விடுவார்கள் என்றுதான் கேட்டிருப்பீர்கள்.

நான் காரைக்கால்காரி. கல்யாணமாகி, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் சேன் ஆந்த்ரே என்ற ஊரில் இருக்கிறேன். டெங்குவைப் போலவே ஏடிஸ் கொசு பரப்பும் அந்தச் சிக்குன்குனியா 2005-06இல் இங்கே ஏறக்குறைய 2,66,000 பேருக்கு, அதாவது மூன்றில் ஒருவருக்கு வந்தது, அதில் நானும் ஒருத்தி. காய்ச்சல் சீக்கிரம் போய்விட்டது, மூட்டுவலிதான் போகவில்லை. காலையில் விரல் மடங்காது. புளி கரைக்க முடியாது. பால் பாட்டில் மூடியைத் திருக முடியாமல் பல்லால் கடித்துத் திறந்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்து ஊரில் அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. வர முடியாது என்றதற்கு, "காய்ச்சலைச் சாக்கு சொல்லி அத்தை தண்ணி ஊத்த வராம இருப்பாளா" என்றார் அண்ணி. சீர்ப் பணத்தை மட்டும் ஒழுங்காக வாங்கிக்கொண்டார். இன்றைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் "பிரெஞ்சுக்காரங்க வந்துட்டாங்க" என்றுதான் வரவேற்பு. சரி, அது வேறு கதை.

நான் பூச்சியியல் படித்தவள் இல்லை, படித்தவர்கள் திருத்தலாம். நீங்கள் சொன்ன அந்த பாக்டீரியாவின் பெயர் வோல்பாக்கியா. அது புதிதாகச் செய்த கிருமி இல்லை, எத்தனையோ பூச்சிகளுக்குள் தானாகவே இருப்பது. டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தியில்தான் இல்லை. பழ ஈயிலிருந்து எடுத்து இந்தக் கொசுவின் முட்டைக்குள் ஏற்றுகிறார்கள். ஏற்றிய கொசுவின் உடம்பில் வைரஸ் சரியாகப் பெருகாது. தாய் வழியாக அடுத்த தலைமுறைக்கும் போகும். ஏற்றிய ஆணோடு ஏற்றாத பெண் சேர்ந்தால் முட்டை பொரியாது, அதனால் போகப்போக ஊர்க்கொசுவெல்லாம் இந்த வகையாக மாறிவிடும். 2011இல் ஆஸ்திரேலியாவில் கெய்ன்ஸ் பக்கம் முதலில் விட்டார்கள். அப்புறம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பாதியில் மட்டும் விட்டுப் பார்த்தார்கள். விட்ட பகுதிகளில் டெங்கு 77%, ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 86% குறைவு. "பில் கேட்ஸ் கொசு" என்று கிளம்பப் போகிறவர்களுக்கு: ஆமாம், அவர் அறக்கட்டளைப் பணமும் இதில் உண்டு. அதற்காக அந்த 77% பொய்யாகிவிடுமா?

எங்களுக்குத்தான் இந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே பரப்புவது புலிக்கொசு, ஏடிஸ் அல்போபிக்டஸ். பகல் பத்து மணிக்கு முருங்கைக்கீரை பறிக்கப் போனால் கணுக்காலில் வந்து உட்காரும், அதன் கால் முழுக்க வெள்ளை வரி. அதற்குள் ஏற்கெனவே இரண்டு வகை வோல்பாக்கியா இருக்கிறது, இருந்தும் பரப்புகிறது. போதாக்குறைக்கு 2005-06இல் சிக்குன்குனியா வைரஸ் தன்னைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு இந்தக் கொசுவுக்கென்றே தோதாகிவிட்டது. அதனால் இங்கே வேறு வழி, கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் கொசுக்களை சேன்த் மரி பக்கம் விட்டுப் பார்த்தார்கள். தீவு முழுக்க அது வருவதற்குள் 2025இல் மறுபடி 50,000 பேருக்கு மேல் படுத்தார்கள். என் மகன் 2006க்கு அப்புறம் பிறந்தவன், அவனையும் விடவில்லை.

புதுச்சேரியில் உருவாக்கியிருப்பது எஜிப்தி வகை, உங்கள் ஊர் டெங்குவுக்குப் பொருந்துவது. விட வந்தால் தாராளமாக விடச் சொல்லுங்கள். இந்த முறையில் பெண் கொசுவையும் சேர்த்து விடுவதால் முதலில் கொஞ்ச நாள் கடி கூடுதலாகத்தான் இருக்கும், அந்தச் சமயம் பார்த்து மருந்தடித்து எல்லாவற்றையும் கொன்றுவிடாதீர்கள்.