லாரி பார்க்கிங் ஏசியில் கேஸ் குறைவா?

கேள்வி: வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கும்போது போடும் 24 வோல்ட் பேட்டரி ஏசியில் காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை. மெக்கானிக் கேஸ் குறைவு என்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது?
- லாரி ஓட்டுநர், நாமக்கல்

பதில்: உடனே கேஸ் ஏற்ற விடாதீர்கள் அண்ணே. முதலில் ஃபில்டர், கன்டென்சர் (சூட்டை வெளியே தள்ளும் காயில்) தூசியைச் சுத்தம் செய்து, ஏசி ஓடும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்குகிறதா பாருங்கள். அதெல்லாம் சரியாக இருந்து, கம்ப்ரசர் நிற்காமல் ஓடியும் அதற்குத் திரும்பி வருகிற பெரிய குழாய் சில்லென்று ஆகாமல், கூலிங் காயிலின் ஆரம்பத்தில் மட்டும் பனி பிடித்து, ஏதாவது இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் தெரிந்தால் பெரும்பாலும் கேஸ் கசிவுதான். ஏசி நின்றிருக்கும்போது கேஜ் காட்டும் அழுத்தத்தை நம்ப வேண்டாம், உள்ளே கேஸ் கொஞ்சம் திரவமாக மிச்சமிருந்தாலே, குறைந்திருந்தாலும் அழுத்தம் சரியாக இருப்பதுபோலத்தான் காட்டும். கசிவை அடைத்து, வேக்யூம் போட்டு (உள்ளே இருக்கும் காற்று, ஈரத்தைப் பம்ப்பால் உறிஞ்சி எடுத்து), லேபிளில் உள்ள கிராம் கணக்குப்படி எடைபோட்டு நிரப்பச் சொல்லுங்கள்.