பாட்டி ஏன் கடைக்கு வருவதில்லை?

கேள்வி: குமரி மாவட்டத்தைச் சேர்ந்த நான், இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ஒரு யூதப் பாட்டியைக் கவனித்துக்கொள்கிறேன். சனிக்கிழமைதோறும் வாதி நிஸ்னாஸ் சந்தையில் அரபுக் கடைக்காரர் ஒருவரிடம் காய்கறியும் காப்பித்தூளும் வாங்கிவந்த அவர், 2023 அக்டோபரில் ஹமாஸ் தாக்குதலும் போரும் வந்த பிறகு அங்கே போவதில்லை. மகளும் வேண்டாம் என்கிறார். கடைக்காரரோ என்னைக் காணும்போதெல்லாம் பாட்டியை விசாரிக்கிறார். இவர்களைச் சேர்த்துவைக்க நான் முயலலாமா?

பதில்: சேர்த்துவைக்கும் பொறுப்பைத் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள், சகோதரி. அந்தக் கடைக்குப் போய்வருவதை மட்டும் நிறுத்தாதீர்கள். அவர்களுக்கிடையே இருந்ததை வாடிக்கை என்றுதான் சொல்ல வேண்டும். எந்தத் தக்காளி பாட்டிக்குப் பிடிக்கும், காப்பியில் ஏலக்காய் எவ்வளவு சேர்த்து அரைக்க வேண்டும் என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரிந்திருந்த அந்த உறவில், யாரும் யாரையும் சமாதானப்படுத்த முனையவில்லை. அதனாலேயே அது நீடித்தது.

அந்த ஊரின் நாட்காட்டியும் இதற்குத் துணைநின்றது. யூதக் கடைகள் பெரும்பாலும் வெள்ளி மாலையில் அடைத்தால் சனி இரவுவரை திறப்பதில்லை என்பதால், கிறிஸ்தவ அரபுகள் மிகுந்த வாதி நிஸ்னாஸில் சனிக்கிழமைதான் கூட்டம். பெசாக் (பாஸ்கா) பண்டிகை நாட்களில் புளித்த மாவுப் பண்டங்களை யூதக் கடைகள் பெரும்பாலும் விற்பதில்லை. மத முறைகளைப் பெரிதாகப் பாராத யூதர்கள் அப்போது பிட்டா ரொட்டிக்காக அரபு அடுமனைகளைத் தேடி வருவார்கள்.

ஆனால் சந்தையால் எல்லாம் ஆகிவிடாது. 2000 அக்டோபரில் இஸ்ரேலின் அரபுகளுக்கும் போலீஸாருக்கும் நடந்த மோதல்களில் அரபுகள் 13 பேர் கொல்லப்பட்ட அந்த நாட்களுக்குப் பிறகும் யூதர்கள் பலர் அரபுக் கடைகளைத் தவிர்த்தார்கள். மெல்ல மெல்லத்தான் திரும்பி வந்தார்கள். வாங்குகிறவர் வேறு கடைக்குப் போய்விடலாம், விற்கிறவர் எங்கே போவார்? கடைக்காரரின் விசாரிப்பில் அக்கறையோடு பிழைப்பைப் பற்றிய கவலையும் கலந்திருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். ஸாத்தர் என்ற மணமூலிகையை வாங்கும்போதும் ஒன்றை நினைவில் வையுங்கள்: காட்டில் வளரும் அந்தச் செடியைப் பறிப்பதற்கு இஸ்ரேல் 1977-இல் தடை விதித்தது, தலைமுறைகளாகப் பறித்துவந்த அரபுக் குடும்பங்களுக்கு அந்த மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. (ஹம்முஸ் என்ற கொண்டைக்கடலைத் துவையல் யாருடைய உணவு என்ற பேச்சையும் கடை வாசலில் எடுக்காதீர்கள், அதில் ஜெயித்தவர் எவருமில்லை.)

முதலில் மகளிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். அவர் தடுப்பது பயத்தாலா வெறுப்பாலா என்பது இரண்டு வார்த்தையில் தெரிந்துவிடும். அவர் கோஷர் என்ற யூத உணவு முறையைக் கடைப்பிடிப்பவராக இருந்தால், சான்றிதழ் இல்லாத ரொட்டியையும் இனிப்பையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அவர் சம்மதித்தால் அதே காப்பித்தூளை வாங்கி வந்து, எங்கே வாங்கினீர்கள் என்பதையும் கடைக்காரர் விசாரித்ததையும் கூட்டாமல் குறைக்காமல் பாட்டியிடம் சொல்லுங்கள். அவர் ஏதாவது பதில் சொல்லி அனுப்பினால் கொண்டுபோய்ச் சேர்ப்பியுங்கள், பேசாமலிருந்தால் வற்புறுத்தாதீர்கள். அவராகவே கிளம்புகிற நாள் வந்தால், சனிக்கிழமை நெரிசலைத் தவிர்த்து வாரநாள் காலையொன்றில் மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மகள் திட்டவட்டமாக மறுத்தாலோ, உங்கள் விசா அந்த வேலையை நம்பியிருக்கிறது என்பதை மறவாமல், உங்கள் சமையலுக்கு வேண்டியதை மட்டும் கடைக்காரரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.