ராயபுரத்துலேர்ந்து சனி ஞாயிறுல போய் பனி பாத்துட்டு வர முடியுமா?

"ஜனவரியில ஒரு வீக்எண்ட் அம்மா அப்பாவ கூட்டிக்கிட்டு பனி கொட்டுற மலை ஊருக்கு போகணும், மனாலியா குல்மார்க்கா, ரெண்டு நாள் போதுமா, அம்மாவுக்கு முட்டி வலி வேற இருக்கு"ன்னு கேட்டிருக்கீங்க. நான் உங்க பக்கத்து ஊருதான், காசிமேடு. ரெண்டு தடவ மனாலி போயிருக்கேன். மொத தடவ பனியே பாக்காம திரும்பி வந்தேன், ரெண்டாவது தடவ நைனாவையும் (எங்க அப்பா) அம்மாவையும் கூட்டிட்டு போய் கண்ணு நிறைய பாத்துட்டு வந்தோம். இந்த ரெண்டு ட்ரிப்புக்கும் நடுவுல என்ன மாத்துனேன்னு சொன்னாலே உங்களுக்கு பாதி பதில் வந்துடும்.

சனி ஞாயிறு மட்டும்னா வேணாங்க. டெல்லி வரைக்கும் ஃப்ளைட்டு மூணு மணி நேரம்தான், ஆனா டெல்லியிலேர்ந்து மனாலி 530 கிலோமீட்டருக்கு மேல, வோல்வோ பஸ்ல ராத்திரி பூரா போனா 12லேர்ந்து 14 மணி நேரம், பனி மூட்டமோ ட்ராஃபிக்கோ இருந்தா அதுக்கும் மேல. அதாவது போக ஒரு ராத்திரி வர ஒரு ராத்திரி பஸ்லயே போயிடும். குல்லு பக்கம் புந்தர்ல ஏர்போர்ட் இருக்குதான், மனாலியிலேர்ந்து 50 கிலோமீட்டர், ஆனா அது மலைக்கு நடுவுல இருக்குற சின்ன ஏர்போர்ட், வானம் கொஞ்சம் மூடுனாலும் கேன்சல் ஆகும், அத நம்பி அம்மா அப்பாவ கூட்டிட்டு கிளம்பாதீங்க. குறைஞ்சது வியாழன் காலைல கிளம்பி திங்கள் ராத்திரி வீடு வர்ற மாதிரி வெச்சுக்கோங்க.

மொத தடவ நான் பண்ண தப்பு தேதி. பாரிஸ் கார்னர்ல ஒரு கிளியரிங் ஆபீஸ்ல வேல செய்றேன், எங்க ஆபீஸ் பொண்ணுங்க நாலு பேரும் கிறிஸ்துமஸ் லீவு சேந்தாப்புல வருதுன்னு ஒரு டூர் ஏஜென்ட்கிட்ட பேக்கேஜ் எடுத்தோம், "பனி கேரண்டி"ன்னு வாய்விட்டு சொன்னாரு. மனாலில எறங்குனா மால் ரோடு காஞ்சு கெடக்கு, குளிரு மட்டும் இருக்கு. சரி மேல சோலாங் பள்ளத்தாக்கு போனா இருக்கும்னு வண்டி எடுத்தோம், வெறும் 13 கிலோமீட்டர் ரோடு, காலைல 9 மணிக்கு ஏறுன வண்டி மத்தியானம் வரைக்கும் நகரவே இல்ல, அப்படியே திருப்பிக்கிட்டு வந்து சாயங்காலம் பஸ் புடிச்சுட்டோம். அவ்ளோ காசு போட்டு, அவ்ளோ தூரம் போய், தூரத்து மலை மேல வெள்ளையா தெரிஞ்சத ஜூம் பண்ணி ஃபோட்டோ எடுத்துட்டு வந்தோம். டெல்லி வர்ற வரைக்கும் யாரும் யார்கூடவும் பேசல.

பின்னாடிதான் உக்காந்து படிச்சேன், பனி ஏன் வருது எப்ப வருதுன்னு. நமக்கு வடகிழக்கு பருவமழை மாதிரி அவங்களுக்கு குளிர்காலத்துல மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வர்ற மேற்கத்திய இடையூறுன்னு சொல்ற சிஸ்டம். அது டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் விட்டு விட்டு வரும். ஒண்ணு வந்துட்டு போனா ரெண்டு மூணு நாள் கொட்டும், அப்பால பத்து நாள் நல்ல வெயில் கூட அடிக்கும். அதனால இந்த தேதியில கண்டிப்பா பனி விழும்னு யாராலயும் சொல்ல முடியாது, கேரண்டி குடுக்குறவங்கள நம்பாதீங்க. ஆனா டிசம்பர் கடைசிய விட ஜனவரி கடைசி, பிப்ரவரி மொத ரெண்டு வாரம் வாய்ப்பு ஜாஸ்தி, அதுக்குள்ள ரெண்டு மூணு தடவ விழுந்து தரையில சேந்திருக்கும்.

இன்னொண்ணு உயரம். ஆயிரம் மீட்டர் மேல ஏறுனா சுமாரா ஆறரை டிகிரி குறையும். மனாலி 2,050 மீட்டர்தான், அங்க மழையா விழுறது மேல போனா பனியா விழும். அடல் டனலோட தெற்கு வாசல் 3,060 மீட்டர்ல இருக்கு, 9 கிலோமீட்டர் டனல், 2020 அக்டோபர்ல தொறந்தாங்க. அதுக்கு முன்னாடி ரோதாங் கணவாய் மூடிட்டா லாஹௌல் பக்கத்து ஜனங்களுக்கு குளிர்காலம் பூரா ரோடே கெடையாது. இப்ப அந்த டனல் வழியா போய் அந்தாண்ட பக்கம் சிஸ்ஸுங்கற ஊர்ல எறங்குனா, மனாலி காஞ்சு கெடக்குற நாள்லயும் அங்க வெள்ளையா இருக்கும். ஆனா ஜனவரி பிப்ரவரியில அவங்களோட தெய்வ விழா வரும், அந்த நாள்ல டூரிஸ்ட்ட வர வேணாம்னு நிறுத்தி வெச்ச வருஷமும் உண்டு, அதனால போறதுக்கு முன்னாடி ஹோட்டல்காரர்கிட்ட கேட்டுக்கோங்க.

(நெறைய பேரு ஊட்டில பனி விழுதுன்னு வீடியோ போடுறாங்க, அது பனிப்பொழிவு இல்ல, உறைபனி. மேகமே இல்லாத ராத்திரி தரை சூட்ட விட்டு ஜில்லாகி புல்லு மேல இருக்குற ஈரம் உறையுது, வெயில் வந்தா ஒரு மணி நேரத்துல போயிடும். தமிழ்ல எல்லாத்துக்கும் பனின்னே சொல்றதுல வர்ற கொழப்பம் இது, நம்ம மார்கழி பனியும் பனிதான் அதுவும் பனிதான்.)

ரெண்டாவது தடவ பிப்ரவரி மொத வாரம் போனோம், நானு, நைனா, அம்மா, தம்பி. நைனாவ பத்தி சொல்லணும். அவரு முப்பது வருஷமா ஹார்பர்ல ஐஸ் வேல. ஃபேக்டரிலேர்ந்து ஐஸ் பாரை மூணு சக்கர வண்டில ஏத்திட்டு வந்து கிரஷர்ல போட்டு ஒடச்சு மீன் புடிக்கிற படகுல ஏத்துறது. சின்ன வயசுல டிவில பனி காட்டுனா "தோ நம்ம கிரஷர் ஐஸ் மாரியே கீது பாரு"ன்னுவாரு. அவர ஒரு தடவ நெஜ பனி பாக்க கூட்டிட்டு போகணும்னு ரொம்ப நாள் ஆச எனக்கு.

வெள்ளிக்கிழம காலைல போய் எறங்குனோம், அன்னிக்கு மலை ஏறல. அம்மாவுக்கு பஸ் வளைவுல வாந்தி வந்து சோந்து போயிருந்தாங்க (வழியில மண்டிங்கற ஊர தாண்டுறதுக்கு முன்னாடியே வாந்தி மாத்திரை குடுத்துடுங்க, நான் லேட்டா குடுத்தேன்), அதனால ஹடிம்பா கோயில் மட்டும் போனோம். 1553ல மரத்துல கட்டுன கோயில், சுத்தி தேவதாரு காடு. யாரு சாமின்னு அம்மா கேட்டாங்க, பீமன் பொண்டாட்டி, கடோத்கஜன் அம்மான்னு சொன்னேன், "அடியே நம்ம இடும்பிடீ"ன்னாங்க. கூத்துல பாத்தவங்க அவங்க. அதுக்கப்புறம் அந்த கோயில விட்டு வரவே மாட்டேன்னுட்டாங்க, கடோத்கஜனுக்கு பக்கத்துல தனியா இடம் இருக்கு, அங்கயும் போய் கும்புட்டாங்க.

சனிக்கிழம விடியகாலம் ஜன்னல் வழியா வெளிச்சம் ஒரு மாதிரி வெள்ளையா வருதேன்னு எழுந்து பாத்தா விழுந்துட்டு இருக்கு. சத்தமே இல்ல. மழைன்னா தகரத்துல அடிக்கிற சத்தம் கேட்டே வளந்தவங்க நாங்க, இவ்ளோ விழுது ஒரு சத்தமும் இல்லன்னதும் எனக்கு என்னமோ தொண்டைய அடச்சுது. நைனா லுங்கி மேல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வெளிய போய் பால்கனி கம்பி மேல இருந்தத ஒரு கை அள்ளுனாரு. அள்ளி அமுக்கி பாத்தாரு, மோந்து பாத்தாரு. "வெயிட்டே இல்லடி, ஐஸ் இன்னா வெயிட்டு, இது பஞ்சு மாரி கீது"ன்னு அந்த கைய என்கிட்ட நீட்டுனாரு. ஐஸ் தூக்கி தூக்கி வெடிச்ச கை அது. அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் அந்த ட்ரிப்புக்கு போட்ட காச திரும்ப எத்தன தடவ வேணாலும் போடுவேன்.

ஆனா அன்னிக்கு மேல போக முடியல, போலீஸ் நிறுத்திட்டாங்க. பனி விழுறப்ப சக்கரத்துல சங்கிலி போட்ட வண்டியும் ஃபோர் பை ஃபோரும்தான் விடுவாங்க, ஜாஸ்தியா விழுந்தா அதுவும் கெடையாது. இதுல கோவப்படாதீங்க. 2024 டிசம்பர் கிறிஸ்துமஸ் வாரத்துல சோலாங்குக்கும் டனலுக்கும் நடுவுல ஆயிரம் வண்டி பக்கமா மாட்டிக்கிச்சு, போலீஸ்தான் ராத்திரி பூரா எறக்குனாங்க. 2022 ஜனவரியில பாகிஸ்தான்ல மர்ரீங்கற மலை ஊர்ல பனில மாட்டுன கார்ல இருபதுக்கும் மேல செத்தே போனாங்க. அந்த மாதிரி மாட்டுனா சைலன்சர் கொழாய பனி மூடிடும், ஹீட்டருக்காக இஞ்சின ஓட விட்டா கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள்ளயே ஏறிடும், வாசன கெடையாது, தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். எப்பவாவது மாட்டுனீங்கன்னா மொதல்ல எறங்கி அந்த கொழாய சுத்தி பனிய தள்ளுங்க, ஜன்னல கொஞ்சம் தொறந்து வைங்க. ரூம்லயும் அதே கததான், கரி அடுப்பு வெச்சுக்கிட்டு கதவ மூடி தூங்கவே கூடாது, எலெக்ட்ரிக் பிளாங்கெட் இருக்கான்னு கேட்டு ரூம் எடுங்க.

நாங்க ஞாயித்துக்கிழமைய சும்மா விட்டு வெச்சிருந்தோம், அதுதான் காப்பாத்துச்சு. வானம் தொறந்துச்சு, காலைல சோலாங்கும் சிஸ்ஸுவும் போயிட்டு சாயங்காலம் பஸ்ஸுக்கு வந்துட்டோம். நீங்க எந்த ஊருக்கு போனாலும் இந்த ஒரு நாள விட்டுடாதீங்க, ஏஜென்ட் அதுல மணிகரண் போலாம் அது போலாம்னு ரொப்ப பாப்பாங்க, வேணாம்னு சொல்லிடுங்க. டெல்லி பக்கமும் இப்படித்தான், டிசம்பர் கடைசிலேர்ந்து காலைல மூடுபனி கெட்டியா இருக்கும், விடியகாலம் ஃப்ளைட் எடுத்தா லேட் ஆகும். போறப்ப மத்தியானம் எறங்குற மாதிரி எடுத்துட்டு மெட்ரோலயே நியூ டெல்லி போய் மஞ்ச லைன் மாறி காஷ்மீரி கேட் போயிடலாம், ஹிமாச்சல் கவர்மெண்ட் வோல்வோ அங்கேர்ந்துதான். திரும்பி வர்றப்ப சாயங்கால ஃப்ளைட்டா பாருங்க, பஸ் நாலு மணி நேரம் லேட்டானாலும் பதறாம இருக்கலாம்.

துணி விஷயத்துல நம்ம ஊர் ஆளுங்க எல்லாரும் பண்ற தப்பு ஒரே ஒரு பெரிய ஜாக்கெட் வாங்கிட்டு உள்ள காட்டன் பனியன் ஜீன்ஸ் போட்டுக்கறது. காட்டன் ஈரமானா காயாது, ஒடம்பு சூட்ட உறிஞ்சிடும். தெர்மல், அதுக்கு மேல கம்பளி, அதுக்கு மேல தண்ணி புடிக்காத ஒரு கோட்டு, இந்த மூணும்தான். தெர்மல் மட்டும் சொந்தமா வாங்குங்க, கோட்டும் பூட்ஸும் சோலாங் போற வழியிலயே வாடகைக்கு தருவாங்க. அந்த பூட்ஸ பாத்துட்டு நைனா "இது நம்ம ஹார்பர் பூட்ஸுடி"ன்னாரு, நெஜமாவே அதே ரப்பர் கம் பூட்ஸ்தான், அதனால உள்ள ரெண்டு கம்பளி சாக்ஸ் இல்லன்னா காலு மரத்துடும், சாக்ஸ் இங்கேர்ந்தே எடுத்துட்டு போங்க. ஃபோன உள் பாக்கெட்ல ஒடம்போட வைங்க, குளிர்ல சார்ஜ் கடகடன்னு எறங்கும். கருப்பு கண்ணாடி கண்டிப்பா, பனில பட்டு வர்ற வெயில்ல கண்ணு எரியும். தேங்கா எண்ணெய பாட்டில்ல கொண்டு போகாதீங்க, 24 டிகிரிக்கு கீழயே உறையும், அங்க கல்லு மாதிரி ஆயிடும், வாய் அகலமான டப்பால போட்டுக்கோங்க.

சாப்பாட்டுக்கு பயப்படாதீங்க, ரொட்டி ராஜ்மா சோறு கெடைக்கும். மீன் இல்லாம நைனாவுக்கு இருக்க முடியாதுன்னு டிரவுட் வாங்கி குடுத்தேன், பியாஸ் ஆத்துல இருக்குற மீன், பட்லிகுல்ல கவர்மெண்ட் பண்ணையே இருக்கு. சமைக்கறதுக்கு முன்னாடி செவுள காட்ட சொல்லி பாத்துட்டுதான் ஓகே சொன்னாரு.

காஷ்மீர்ல இருக்குற குல்மார்க் பத்தி, நான் போகாததால, சுருக்கமா சொல்றேன். 2,650 மீட்டர், பனிக்கு மனாலிய விட நல்ல இடம், டிசம்பர் 21லேர்ந்து 40 நாள் சில்லை கலான்னு அவங்களே பேர் வெச்ச கடுங்குளிரு. ஸ்ரீநகர் வரைக்கும் ஃப்ளைட்டுல போயிடலாம்கறதால பஸ் ராத்திரி மிச்சம், ஆனா பனி கொட்டுனா அந்த ஃப்ளைட்டே கேன்சல். வழியில இருக்குற தங்மார்க்குங்கற ஊருக்கு மேல சங்கிலி போட்ட வண்டி மாறணும், நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் வேல செய்யாது, போஸ்ட்பெய்டு வேணும். அங்க இருக்குற கொண்டோலாவோட (ரோப் கார்) ரெண்டாவது கட்டம் 3,900 மீட்டருக்கு மேல போகுது, வயசானவங்கள மொத கட்டத்தோட நிறுத்திக்கோங்க, அங்கயே பனி இருக்கு. பஸ்ல 14 மணி நேரம் உக்காந்தா உங்க அம்மாவுக்கு முட்டி புடிச்சுக்கும்னா நான் குல்மார்க்னே சொல்லுவேன், காசு கூட ஆனாலும்.

மனாலின்னு முடிவு பண்ணீங்கன்னா, பஸ் நிறுத்துற ஒவ்வொரு தாபாலயும் அம்மாவ எறக்கி அஞ்சு நிமிஷம் நடக்க வைங்க, ஒரு கைத்தடி எடுத்துட்டு போங்க, காலைல ரோடு மேல கண்ணாடி மாதிரி ஐஸ் இருக்கும், பத்து மணிக்கு முன்னாடி அவங்கள வெளிய கூட்டிட்டு போகாதீங்க. ரூம் புக் பண்றப்ப ஃபோன் போட்டு தரைத்தளம் இருக்கான்னு கேளுங்க, அங்க நெறைய ஹோட்டல்ல லிஃப்ட் கெடையாது. எங்களுக்கு வியூ நல்லா இருக்கும்னு மூணாவது மாடி குடுத்தாங்க, பனியில நடந்தப்பல்லாம் ஒண்ணும் சொல்லாத எங்க அம்மா அந்த படியிலதான் கம்பிய புடிச்சுக்கிட்டு நின்னு நின்னு ஏறுனாங்க.