நன்கொடை தரும் தண்ணீர்க் கம்பெனி நல்ல அயலாரா?

வணக்கம் ஐயா. தென்னாப்பிரிக்காவின் டொங்காட்டில் உங்கள் கோவிலின் காவடித் திருவிழாவுக்குப் போத்தல் தண்ணீரை இலவசமாகத் தர முன்வந்துள்ள கம்பெனியை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். இலவசப் போத்தல்களை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது விளம்பரச் செலவுதான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து உங்கள் ஊர்க் குழாய்கள் மாதக்கணக்கில் வறண்டிருந்தபோது அவர்கள் லாரியில் தண்ணீர் அனுப்பினார்களா, அல்லது விலையை ஏற்றினார்களா என்று ஊர்ப் பெண்களிடம் விசாரியுங்கள்.

1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டப்படி நிலத்தடி நீர் நிலத்துக்காரரின் சொத்தன்று. அரசு மக்களின் சார்பில் அதைக் காக்கும் பொறுப்பாளர் மட்டுமே. ஆகையால், எந்த அனுமதியின் கீழ் கம்பெனியார் ஆண்டுக்கு எத்தனை கனமீட்டர் நிலத்தடி நீர் எடுக்கிறார்கள் என்பதை எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால், 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் நீர்த்துறைக்கு விண்ணப்பிக்கலாம். பதிலளிக்க அத்துறைக்கு 30 நாள் கெடு உண்டு.

இவற்றைவிட நான் பெரிதாக மதிப்பது, மழை குறைந்த ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான மாதங்களில் அக்கம்பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளின் நீர்மட்டம் எவ்வாறு இருந்தது என்பதைத்தான். அந்த அளவீடுகளைக் காட்டத் தயங்கும் கம்பெனியின் பெயரைக் கோவில் பதாகையில் நான் போட மாட்டேன்.