மூன்று பேர் வந்த படகு: பெஞ்சமின் பட்லர் பற்றிய கேள்வி பதில்

அடிமை முறையைக் காக்கத் தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோனதால் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் தளபதிகளில் ஒருவரான பெஞ்சமின் பட்லர் (1818–1893) பற்றி நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. வக்கீல், தளபதி, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர், மாசசூசெட்ஸ் ஆளுநர் என்று பல வேடம் கட்டியவர். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: வக்கீலாக இருந்தவர் எப்படி ஜெனரல் ஆனார்?

மாசசூசெட்ஸ் மிலிஷியாவில், அதாவது மாநிலத்தின் குடிமக்கள் படையில், பல வருடம் இருந்தவர், அதனால் சீருடை புதிதில்லை. ஆனால் முக்கியக் காரணம் அரசியல். லிங்கன் குடியரசுக் கட்சி; போருக்கு ஜனநாயகக் கட்சிக்காரர்களின் ஆதரவும் அவருக்குத் தேவைப்பட்டது. பட்லர் அந்தக் கட்சியில் பெரிய புள்ளி. 1860 கட்சி மாநாட்டில் ஜெபர்சன் டேவிஸை ஜனாதிபதி வேட்பாளராக்கச் சொல்லி 57 முறை வாக்களித்தவர். அதே டேவிஸ்தான் மறுவருடம் தெற்கின் தலைவரானார்!

கேள்வி: அடிமைகளைத் திருப்பி அனுப்ப மறுத்தாராமே, எந்தச் சட்டத்தை வைத்து?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

1861 மே 23 இரவு. வர்ஜீனியாவில் மன்ரோ கோட்டை வடக்கின் கையில் இருந்தது. பட்லர் பொறுப்பேற்று ஓரிரு நாள்தான். பிராங்க் பேக்கர், ஷெப்பர்டு மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் படகேறிக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். எதிர்க்கரையில் தெற்குப் படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்களைப் போட்டிருந்தார்கள். அடுத்து குடும்பத்தை விட்டு வட கரோலினாவுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டார்கள்.

மறுநாளே தெற்கிலிருந்து மேஜர் கேரி வெள்ளைக்கொடியோடு வந்தார். தப்பியோடிய அடிமையைத் திருப்பித் தரவேண்டும் என்று உங்கள் சட்டமே சொல்கிறதே, கொடுங்கள் என்றார். பட்லருக்குள் இருந்த வக்கீல் விழித்துக்கொண்டார். வர்ஜீனியா தன்னைத் தனி நாடு என்கிறது; எங்கள் சட்டம் அயல்நாட்டைக் கட்டுப்படுத்தாது. அப்புறம், போருக்குப் பயன்படும் எதிரியின் உடைமையைப் பறிமுதல் செய்யலாம் என்பது போர் வழக்கம். இவர்களை நீங்களே உடைமை என்கிறீர்கள், பீரங்கி மேடைக்கும் பயன்படுத்தினீர்கள். ஆகவே இவர்கள் 'கான்ட்ராபேண்ட்', அதாவது போரில் பறிமுதலான சரக்கு; தர முடியாது. உரிமையாளர் நேரில் வந்து அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தால் தருகிறேன் என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வரியை மறைக்காமல் சொல்வது முக்கியம். அடிமை முறை தவறு என்று பட்லர் அன்று வாதாடவில்லை. மனிதரைச் சரக்கு என்று சொல்லும் வாதத்தை அப்படியே எடுத்து எதிராளி மேலேயே திருப்பினார். என்னை உலுக்குவது அந்த மூவரின் துணிச்சல்தான். கோட்டைக்குள் என்ன காத்திருக்கிறது என்று தெரியாமல் துடுப்புப் போட்டவர்கள் அவர்கள். செய்தி பரவியது. கைக்குழந்தையோடு பெண்களும் கிழவர்களும் வந்தார்கள். ஜூலை முடிவில் கோட்டையில் 900 பேர். ஆகஸ்ட் 6 அன்று காங்கிரஸ் இயற்றிய பறிமுதல் சட்டம் இதே தர்க்கத்தில் நின்றது.

கேள்வி: நியூ ஆர்லியன்ஸில் 'மிருகம்' என்று பெயர் வாங்கியது ஏன்?

1862 மே மாதம் தெற்கின் அந்த ஊரைக் கையில் எடுத்தார். ஊர்ப் பெண்கள் வடக்குப் படையினரை அவமானப்படுத்தியபடி இருந்தார்கள். இனி அப்படிச் செய்பவளைத் தெருவில் தொழில் செய்யும் பெண்ணாகவே நடத்துவோம் என்று 28ஆம் எண் ஆணை போட்டார். பிரிட்டிஷ் பிரதமர் பால்மர்ஸ்டன் வரை கண்டித்தார். அமெரிக்கக் கொடியை இறக்கிக் கிழித்த மம்போர்டு என்பவரைத் தூக்கிலும் போட்டார். என் பார்வையில் அந்த ஆணைக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அதே ஆள்தான் சாக்கடை வாரி, கப்பல்களைத் தனிமைப்படுத்தி, மஞ்சள் காய்ச்சல் அந்த வருடம் ஊரில் பரவாமல் காத்தார். மம்போர்டின் மனைவிக்குப் பின்னாளில் வேலை கிடைக்க உதவியவரும் அவரே.

கேள்வி: போர்க்களத்தில் எப்படி?

சுமார்தான். 1864 கடைசியில் தெற்கின் பிஷர் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார். அடுத்த மாதமே பதவி போனது.

கேள்வி: கடைசிவரை கறுப்பின மக்களுக்கு ஆதரவாக இருந்தாரா, அல்லது போர்க்காலத் தந்திரம் மட்டும்தானா?

தந்திரமாகத் தொடங்கியது, கொள்கையாக முற்றியது. 1864 செப்டம்பரில் நியூ மார்க்கெட் மேட்டில் அவருடைய கறுப்பினப் படைவீரர்கள் ஏறித் தாக்கினார்கள். அதற்காக அவர்களில் 14 பேர் நாட்டின் உயரிய வீரப் பதக்கம் பெற்றார்கள். அது போதாதென்று பட்லர் தாமே ஒரு வெள்ளிப் பதக்கம் செய்யவைத்துக் கொடுத்தார். காங்கிரஸில் 1871இல், கறுப்பின மக்களைத் தாக்கி மிரட்டிய வெள்ளையர் கும்பலான கு கிளக்ஸ் கிளானுக்கு எதிரான சட்டத்துக்கும், 1875 குடிமை உரிமைச் சட்டத்துக்கும் உழைத்தார்.

கேள்வி: கோட்டைக்கு வந்த மக்கள் எங்கே வாழ்ந்தார்கள்?

பக்கத்து ஹாம்ப்டன் ஊரில். வடக்கின் கையில் சிக்கக்கூடாது என்று தெற்குப் படையே 1861 ஆகஸ்டில் அதை எரித்தது. எரிந்த வீடுகளின் புகைபோக்கிகள் நின்றுகொண்டிருந்தன. அவற்றைச் சுற்றியே பலகை அடித்துக் குடியேறினார்கள். மேரி பீக் என்ற ஆசிரியை அங்கே ஓர் ஓக் மரத்தடியில் பாடம் சொல்லித் தந்தார். அவர் இறந்தபின், 1863இல் பட்லர் அரசுப் பணத்தில் ஒரு பள்ளியை நிறுவினார். அந்த மரம் இன்றும் ஹாம்ப்டன் பல்கலைக்கழக வாசலருகே நிற்கிறது. கோட்டை நிற்கும் முனையும் சாதாரண இடமில்லை. 1619இல் வர்ஜீனியாவுக்கு முதல் ஆப்பிரிக்கர்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியதும் அங்கேதான்.